கார் ஆம்ப்ளிஃபயர்: கீச்சொலி, கரகரப்பு, ப்ரொடெக்ட் விளக்கு – மூன்றுக்கும் சேர்த்து ஒரு சரியான பொருத்தல்

கேள்வி இதுதான். நான்கு சேனல் ஆம்ப், சேனலுக்கு 4 ஓமில் 75 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்). இரண்டு சேனலில் முன் கதவு ஸ்பீக்கர்கள். மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே வெளியீடாகச் சேர்த்து, இரட்டைக் காயில் (இரட்டைச் சுருள்) 4 ஓம் சப் ஊஃபர், அதாவது ஆழ்ந்த பேஸுக்கான ஸ்பீக்கர் ஒன்று. என்ஜின் ஓடும்போது கீச்சென்று ஒரு சத்தம் ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஒலியைக் கூட்டினால் கரகரக்கிறது. பத்து நிமிடத்தில் ப்ரொடெக்ட் விளக்கு (ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நிற்பதைக் காட்டுவது) எரிந்து ஆம்ப் நின்றுவிடுகிறது. ஆம்ப்பை மாற்றுவதா, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து பொருத்துவதா?

கழற்றிப் பொருத்துங்கள். ஆம்ப்பை மாற்ற வேண்டாம். புது ஆம்ப் வாங்கி இதே வயர்களில் மாட்டினால் இதே மூன்று குறையும் அப்படியே வரும். ப்ரொடெக்ட் விளக்குக்குக் காரணம் பெரும்பாலும் சப் ஊஃபரின் இணைப்பு, கீச்சொலிக்கு எர்த் (ஆம்ப்பிலிருந்து கார் பாடிக்குப் போகும் மைனஸ் இணைப்பு) அல்லது ஆர்சிஏ (ஹெட் யூனிட்டிலிருந்து, அதாவது டேஷ்போர்டு ஸ்டீரியோவிலிருந்து, ஆம்ப்புக்கு ஒலியைக் கொண்டுவரும் கேபிள்), கரகரப்புக்கு கெயின் திருகு (உள்ளே வரும் ஒலிக்கு ஆம்ப்பைப் பொருத்துவது). மூன்றுமே ஆம்ப்புக்கு வெளியே இருப்பவை, அல்லது வெளியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரால் திருத்தக்கூடியவை.

சப் ஊஃபரிலிருந்து ஆரம்பிப்போம், ஆம்ப்பை நிஜமாகவே எரிக்கக்கூடியது அதுதான். இரட்டைக் காயில் 4 ஓம் என்றால் உள்ளே தனித்தனியாக இரண்டு 4 ஓம் சுருள்கள். ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் என்று பேரலலாகக் கட்டினால் 2 ஓம். ஒன்றின் மைனஸை மற்றதன் ப்ளஸ்ஸோடு சேர்த்து சீரிஸாகக் கட்டினால் 8 ஓம். இரண்டு சுருளையும் பயன்படுத்தி 4 ஓம் கொண்டுவர வழியில்லை. பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலின் தலையிலும் சுமையின் பாதி ஓம்தான் விழும். 2 ஓம் மாட்டியிருந்தால் சேனலுக்கு 1 ஓம். இந்த வகை ஆம்ப்கள் பெரும்பாலும் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாதவை. கையேட்டில் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். ஓம் குறைந்தால் கரண்ட் ஏறும், டிரான்சிஸ்டர் சூடாகும், பாதுகாப்புச் சுற்று ஆம்ப்பை நிறுத்தும். பத்து நிமிடம் கழித்து நிற்பது சூட்டின் அடையாளம். நேரடி ஷார்ட் என்றால் ஆன் செய்த உடனே நின்றிருக்கும்.

சப் பெட்டியைத் திறக்காமலே இதைப் பார்த்துவிடலாம். ஆம்ப் முனையிலிருந்து சப் வயர் இரண்டையும் கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். மீட்டர் காட்டுவது சுருளின் டிசி மின்தடை. அது பெயரளவு ஓமைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 1.7 ஓம் அருகில் காட்டினால் பேரலல், 6.5 முதல் 7 வரை காட்டினால் சீரிஸ். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள், மலிவான மீட்டரில் அதுவே 0.3 ஓம் வரை இருக்கும். பேரலல் என்று தெரிந்தால் சீரிஸுக்கு மாற்றுங்கள். 8 ஓமில் பிரிட்ஜ் என்றால் சேனலுக்கு 4 ஓம், அதாவது 75 வாட் இரண்டு சேர்ந்து 150 வாட். 300 வாட்டுக்கு ஆசைப்பட்டவருக்கு இது பாதியாகத் தெரியும், ஆனால் காதுக்கு வித்தியாசம் 3 டெசிபல்தான். ஒரு சுருளை மட்டும் மாட்டி மற்றதைச் சும்மா விட்டால் 4 ஓம் கிடைக்குமே என்று சிலர் செய்வார்கள். தாங்குதிறன் பாதியாகி, அந்த ஒரு சுருள் கருகும். வேண்டாம்.

அதே மீட்டரால் எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் ஒருமுறை கார் பாடியோடு சேர்த்துச் சோதியுங்கள். எந்த வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. கதவு திறந்து மூடும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் வயர் நசுங்கி, தோல் உரிந்து பாடியைத் தொடுவது சாதாரணமாக நடக்கும்.

இனி மின்சாரம். உங்கள் அமைப்பின் மொத்த வெளியீடு 75 + 75 + 150, ஆக 300 வாட். கிளாஸ் ஏபி, கிளாஸ் டி என்பவை ஆம்ப் சுற்றின் வகைகள். ஏபியின் திறன் சுமார் 60 சதவீதம், டியின் திறன் சுமார் 80. ஏபி என்றே வைத்துக்கொள்வோம்: 300 வாட் கொடுக்க 500 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 36 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கி வரை வயர் ஏறத்தாழ 5 மீட்டர். 8 கேஜ் செம்பு வயரில், அதாவது 8.4 சதுர மில்லிமீட்டரில், அந்த 5 மீட்டரில் மட்டும் 0.37 வோல்ட் இறங்கும். 4 கேஜில், அதாவது 21 சதுர மில்லிமீட்டரில், 0.15 வோல்ட். 4 கேஜே போடுங்கள். வாங்கும்போது வயரின் நுனியை ஒரு பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம், மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 65 சதவீதம்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் என்றால் வெளியே வெள்ளியாகவும் சுரண்டினால் செம்பு நிறமாகவும் இருக்கும். அலுமினிய வயரைத்தான் போட வேண்டும் என்றால் ஒரு அளவு பெரியதாக எடுங்கள். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் கேஜை மட்டும் நம்பாதீர்கள், மலிவான செட்களில் தடிமனாகத் தெரிவது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைதான்.

மெயின் ஃபியூஸ் பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்ப்பைக் காக்க அல்ல, ஆம்ப்புக்கு அதன் உடலிலேயே ஃபியூஸ் இருக்கிறது. பானட்டுக்குள் வயர் உரசி பாடியில் பட்டால் பேட்டரியின் முழு பலமும் அந்த இடத்தில் பாயும், உறை தீப்பிடிக்கும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, ஆகவே அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அளவு, ஆம்ப்பின் மேல் உள்ள ஃபியூஸ்களின் கூட்டுத்தொகைக்கு அருகில் இருக்கட்டும்: இரண்டு 25 ஆம்பியர் இருந்தால் மெயினில் 50 அல்லது 60. வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், மெயின் ஃபியூஸைக் கடைசியில் மாட்டுங்கள். மஞ்சள் உறையிட்ட வயர், மஞ்சள் சாக்கெட் எல்லாம் ஏர்பேக்குக்கானவை, மீட்டர் முனைகூட அங்கே படக் கூடாது. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் மின்னழுத்தம் சுமப்பவை, அவற்றின் பக்கமே போகாதீர்கள். என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) வழியாக வயரை எடுங்கள். புதுத் துளை போட்டால் அதற்கும் குரோமெட் கட்டாயம், வெறும் தகட்டு விளிம்பு ஒரு மழைக்காலத்துக்குள் உறையை அறுத்துவிடும். ஸ்டியரிங் தண்டு, பெடல், சைலன்சர் பைப் மூன்றிலிருந்தும் தள்ளியே வயரைக் கொண்டுபோங்கள்.

எர்த்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ப்ளஸ் வயருக்கு 4 கேஜ் போட்டுவிட்டு, மைனஸுக்கு மெல்லிய வயரை டிக்கியில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்க்ரூவில் முறுக்கி வைப்பார்கள். உள்ளே போகும் 36 ஆம்பியரும் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஆகவே எர்த் வயரும் 4 கேஜ், நீளம் 45 சென்டிமீட்டருக்குள். இடம், பாடியோடு வெல்டு செய்யப்பட்ட தடித்த தகடு. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அது உயிர் காக்கும் இணைப்பு, அதற்குக் குறிப்பிட்ட இறுக்கம் உண்டு, நடுவே லக்கும் (வயர் நுனியில் அமுக்கும் உலோக வளையம்) வாஷரும் நுழைந்தால் அது கெடும். பின் சீட் கம்பி, டிக்கி மூடியின் கீல், மெல்லிய தகட்டில் ஏறிய ஸ்க்ரூ எதுவும் எர்த் ஆகாது.

இடம் முடிவானதும் மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்கு உப்புக் காகிதத்தால் தேயுங்கள். மேலே உள்ள பெயிண்ட் போனதும் சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு தெரியும். நிறையப் பேர் அதைத் தகடு என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். அது ப்ரைமர், அதுவும் மின்சாரத்தைக் கடத்தாது. பளபளவென்று உலோகம் மின்னும் வரை தேயுங்கள். லக்குக்குள் வயரின் எல்லா இழைகளும் போக வேண்டும், இடம் போதவில்லை என்று நான்கு இழைகளை வெட்டுவது கூடாது. சரியான கிரிம்ப் கருவியால் அமுக்கி, கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். லக்கின் முகம் நேராக உலோகத்தின் மேல், அதன் மேல் பல் வைத்த வாஷர், அதன் மேல் நட். இறுக்கிய பிறகு லக்கைப் பிடித்து ஆட்டினால் மயிரிழை கூட அசையக் கூடாது. கடைசியாக வெளிப்பக்கம் முழுக்கப் பெயிண்டோ கிரீஸோ பூசுங்கள். தேய்த்த தகடு துருப்பிடித்தால் ஆறு மாதத்தில் பழைய கதைதான். துளை போடுகிறீர்கள் என்றால் முதலில் காரின் அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் குழாய் எல்லாம் பல கார்களில் டிக்கி தரைக்குக் கீழேதான் ஓடுகின்றன.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று மீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பது பயன் தராது. சாதாரண மீட்டரால் 0.1 ஓமைச் சரியாகப் பிரித்துக் காட்ட முடியாது, ஆனால் 36 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.1 ஓம் 3.6 வோல்ட்டைத் தின்றுவிடும். மீட்டர் 'நல்ல இணைப்பு' என்று பீப் அடிக்கும், ஆம்ப்போ 10 வோல்ட்டில் தவிக்கும். சரியான சோதனை வேறு: பாட்டு பலமாக ஓடும்போது மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை ஆம்ப்பின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. நீளமான ஒரு வயர் இதற்குத் தேவைப்படும், அந்தச் சிரமத்துக்குத் தகும். அதேபோல் பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் ஆம்ப் ப்ளஸ்ஸுக்கும் இடையே பாருங்கள். அரை வோல்ட்டை நெருங்கினால் வயரோ ஃபியூஸ் ஹோல்டரோ சரியில்லை.

ரிமோட் வயர், அதாவது ஆம்ப்பை ஆன் ஆகச் சொல்லும் வயர், எளிது. ஹெட் யூனிட்டின் பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர்தான் ஆம்ப்புக்கு. தனி நீல வயர் ஆன்டெனாவுக்கு, சில யூனிட்களில் ரேடியோ ஓடாதபோது அது அணைந்துவிடும். நேரடியாக பேட்டரி ப்ளஸ்ஸில் கொடுத்தால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருந்து காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஆர்சிஏ கேபிளை பவர் வயர் போகும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஒன்று இடது கதவோரம் என்றால் மற்றது வலது கதவோரம். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் கூட்டல் குறிபோலக் கடக்கட்டும், பக்கத்தில் பக்கத்தில் ஓடக் கூடாது. ஆர்சிஏவைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஆம்ப்பின் எர்த் லூஸாக இருக்கும்போது ஆர்சிஏவைச் செருகினால், ஆம்ப்பின் மின்சாரம் அந்தக் கேபிளின் மெல்லிய ஷீல்டு (வெளி உலோக உறை) வழியாகத் திரும்பப் பார்க்கும். சில ஹெட் யூனிட்களின் உள்ளே அந்தப் பாதையில் இருக்கும் சிறு ஃபியூஸ் அப்போது பறந்துவிடும். அதன் பிறகு எத்தனை முறை எர்த்தைத் தேய்த்தாலும் கீச்சொலி போகாது. உங்கள் பிரச்சினையில் இதற்கும் வாய்ப்பு உண்டு. ஆர்சிஏ கேபிளைக் கழற்றி, ஹெட் யூனிட்டின் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் அந்த ஃபியூஸ் போய்விட்டது.

கீச்சொலியைத் தேடும் வரிசை இப்படி. வண்டியை அணைத்து, ஆம்ப் பக்கத்தில் ஆர்சிஏக்களைக் கழற்றிவிட்டு, என்ஜினை ஓட்டுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஆம்ப்பின் எர்த் அல்லது ஸ்பீக்கர் வயர் பக்கம் கோளாறு. சத்தம் நின்றால் வருவது முன்னாலிருந்து. அடுத்து, சார்ஜரில் செருகாத ஒரு போனை நேராக ஆம்ப்பின் ஆர்சிஏவில் மாட்டிப் பாட்டு போடுங்கள். சுத்தமாக ஒலித்தால் ஆம்ப் குற்றமற்றது, ஹெட் யூனிட்டின் எர்த்தையும் மேலே சொன்ன ஷீல்டையும் கேபிளின் பாதையையும் பாருங்கள். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று விற்கும் சிறு பெட்டி சத்தத்தை மறைக்கும், கூடவே ஆழ்ந்த பேஸையும் கொஞ்சம் தின்னும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை எடுங்கள்.

ஆம்ப்பை சப் பெட்டியின் மேல் திருகாதீர்கள். அதிர்வில் உள்ளே உள்ள சாலிடர் விட்டுப்போகும். தலைகீழாகவும் தொங்கவிட வேண்டாம், சூடு மேலேறி சர்க்யூட் பலகையிலேயே தங்கும். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் இடைவெளி போதும். கதவு ஸ்பீக்கர்களுக்கு 16 கேஜ், சப்புக்கு 14 கேஜ் வயர் தாராளம். ஸ்பீக்கரை மாட்டுமுன் 1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸை ஸ்பீக்கர் ப்ளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள், கூம்பு வெளியே தள்ள வேண்டும். இரண்டு கதவில் ஒன்று உள்ளே இழுத்தால் அது மாறிக் கட்டப்பட்டிருக்கிறது. அப்படி விட்டால் பேஸ் காணாமல் போகும், பாடகரின் குரல் நடுவில் நிற்காது.

இனி கெயின். இதை வால்யூம் என்று நினைப்பதால்தான் கரகரப்பு. ஒரு ஹெட் யூனிட் 2 வோல்ட் அனுப்பும், இன்னொன்று 4 வோல்ட் அனுப்பும். வருவது எவ்வளவானாலும் ஆம்ப் தன் முழு வாட்டை எட்டும் புள்ளியைப் பொருத்துவதே அந்தத் திருகின் வேலை. அதை முழுதாகத் திருகினால் வாட் அதிகமாகிவிடாது. வால்யூமின் பாதியிலேயே ஆம்ப் தன் எல்லையைத் தொட்டு, அலையின் தலையை வெட்டத் தொடங்கும். வெட்டுப்பட்ட அலை ஸ்பீக்கருக்குக் கூடுதல் சூடு. முதலில் பலியாவது ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்).

மல்டிமீட்டரால் செய்யும் முறை போதுமான அளவு துல்லியமானது. எல்லா ஸ்பீக்கர்களையும் ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஹெட் யூனிட்டில் பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம். ஆம்ப்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம், கெயின் குறைந்தபட்சம், முன் சேனல்களின் ஃபில்டர் அணைந்திருக்கட்டும். 0 டெசிபல் அளவில் பதிவான சைன் ஒலிக்கோப்பை யுஎஸ்பியில் போடுங்கள்: சப்புக்கு 50 ஹெர்ட்ஸ், முன் சேனல்களுக்கு 400 ஹெர்ட்ஸ். 1000 ஹெர்ட்ஸை நான் சொல்லாததற்குக் காரணம், பல சாதாரண மீட்டர்களின் ஏசி அளவீடு 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமானது. என்ஜினை ஓடவிட்டு, ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் பங்குக்குக் கொண்டுபோங்கள், 40 படி இருந்தால் 30. இலக்கு வோல்ட், வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். 75 வாட், 4 ஓம்: 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். சப்புக்கு 150 வாட், 8 ஓம்: 1200-இன் வர்க்கமூலம், 34.6 வோல்ட். பிரிட்ஜில் இரண்டு சேனல்கள் எதிரெதிராகத் தள்ளுவதால் இது முந்தையதன் சரியாக இரண்டு மடங்கு, கணக்கு சரி என்பதற்கு அதுவே சாட்சி. மீட்டரை ஏசி வோல்ட்டில் ஸ்பீக்கர் முனைகளில் வைத்து, அந்த எண் வரும் வரை கெயினை மெல்லத் திருப்புங்கள். அங்கேயே விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் தாங்குதிறன் 75-ஐவிடக் குறைவு என்றால் கணக்கில் அந்தக் குறைந்த எண்ணைப் போடுங்கள். இனி வால்யூம் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பிறகு எல்லாவற்றையும் அணைத்து ஸ்பீக்கர்களை மாட்டி, முன் சேனல்களில் ஹை பாஸ் (கீழ் ஒலியைத் தடுக்கும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ், சப்பில் லோ பாஸ் (மேல் ஒலியைத் தடுப்பது) 80 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். கதவு ஸ்பீக்கர் 80-க்குக் கீழே திணறுவதை நிறுத்தியதும் அதன் குரல் எவ்வளவு தெளிகிறது என்பது அப்போதே தெரியும். சப் பெட்டியில் காற்றுக் குழல் இருந்தால், குழல் டியூன் செய்த அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே சப்சானிக் ஃபில்டரை வையுங்கள். அதற்குக் கீழே கூம்பைப் பிடித்துவைக்கக் காற்று இராது, சும்மா ஆடிக் கிழியும். பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். 6 டெசிபல் கூட்டினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட் வேண்டும், நீங்கள் இப்போதுதான் அளந்து வைத்த கெயின் வீணாகும். சப் அதிகமாகத் தெரிந்தால் அதன் கெயினைக் குறைத்துக்கொள்ளலாம், கூட்டக் கூடாது. கடைசியாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பேஸ் கிட்டார் தெளிவாக உள்ள பாட்டைப் போட்டு ஃபேஸ் சுவிட்சை (சப் கூம்பு அசையும் திசையை மாற்றுவது) 0, 180 என்று மாற்றிக் கேளுங்கள். எதில் பேஸ் நிறைவாக, டிக்கியிலிருந்து வராமல் முன்னால் இருப்பதுபோல் கேட்கிறதோ அதுவே சரி.

பலர் இந்த இடத்தில் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கச் சொல்வார்கள். 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது கொடுப்பது 26 ஜூல். உங்கள் ஆம்ப் இழுக்கும் 500 வாட்டுக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் தாங்கும். முகப்பு விளக்கு பேஸ் அடிக்கும்போதெல்லாம் மங்கினால், அந்தப் பணத்தை எர்த்திலும், பேட்டரியிலிருந்து பாடிக்கும் என்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் வயர்களைத் தடிமனாக்குவதிலும் செலவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அரை மணி நேரம் நன்றாக ஓடவிட்டு, ஃபியூஸ் ஹோல்டரையும் எர்த் லக்கையும் ஆம்ப்பின் பவர் முனைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக எது இருக்கிறதோ அந்த இணைப்பு லூஸ். பல இழை வயர் திருகுக்கு அடியில் மெல்லப் படிந்து இளகும், அதனால் ஒரு வாரம் கழித்து எல்லாத் திருகுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.